கொரோனா வந்தபோது கவுன்சிலர் இல்லை

ஆசிரியருக்கு,

நாடே தடுமாறும்போது ஒரு பேரூராட்சி மன்றத்தால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் டெல்டா பக்கம் வந்து விசாரிக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நீடாமங்கலம், வலங்கைமான், பாபநாசம் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இடையில், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோதும் இதே கதைதான்.

அலுவலர்கள் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தூய்மைப் பணியாளர்கள் இல்லாவிட்டால் ஊர் நாறியிருக்கும். ஆனால் எந்தத் தெருவில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் ரேஷன் கார்டு இல்லை என்பதெல்லாம் வார்டு உறுப்பினருக்குத்தான் அத்துப்படி. ஓட்டுக் கேட்டு அதே வாசலில் மறுபடி நிற்க வேண்டியவர் அவர். மன்றம் இல்லாத காலத்தில் அதன் பொறுப்பைப் பார்க்க அரசு அமர்த்தும் தனி அலுவலர் மாற்றலாகிப் போய்விடுவார்; அவருக்கு அந்தப் பயம் எதற்கு?

ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை முடிக்கச் சொல்கிறது அரசியல் சாசனம். 2022-ல் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. வார்டு மறுவரையறை, வழக்கு என்று மறுபடியும் இழுக்காமல் மாநிலத் தேர்தல் ஆணையம் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
நீடாமங்கலம்