பதில் பேசாதவளுக்குக் கொடுத்த பரிசு

அன்புள்ள மகளே,

ஸ்தோத்திரம். நீ எடுக்கப் போகிற வேதாகம வகுப்புக்காக ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட பட்டியலை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. 11 பெண்கள், 13 முதல் 16 வயது வரை, வாரம் ஒரு மணி நேரம், தலைப்பு கிறிஸ்தவ நற்குணங்கள். "வாரத்துக்கு ஒரு குணம்னு பிரிச்சுக் கொடுங்கம்மா" என்றாய். பிரித்தும் பார்த்தேன். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்திலிருந்து ஒன்பது, இரண்டாம் பேதுரு முதல் அதிகாரத்திலிருந்து இன்னும் சில. மூன்று மாதத்துக்குப் பாடம் தயார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, நான் முன்பு செய்த அதே தவறை உன் கையில் எடுத்துக் கொடுக்கிறேன் என்று தோன்றியது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

நான் வகுப்பு எடுத்த நாட்களில் சுவரில் ஒரு அட்டை தொங்கும், நினைவிருக்கிறதா? இடப்பக்கம் உங்கள் பெயர்கள், மேலே குணங்களின் பெயர்கள், கட்டங்களில் நட்சத்திரம். பொறுமைக்கு நட்சத்திரம் கிடைக்கவில்லை என்று பொறுமையில்லாமல் அழுதது நீதான். அப்போது எல்லாரும் சிரித்தோம். வருடக் கடைசியில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பரிசு. சாந்தகுணத்துக்கான பரிசை யாருக்குக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும், பெயர் எழுத வேண்டாம். உன் வயதுதான் அவளுக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள், மற்றவர்கள் செய்யாமல் விட்ட வேலையையும் செய்வாள். பரிசு அட்டையில் "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" என்று வருகிற 1 பேதுரு 3:4-ஐ என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருடம் முழுவதும் அதே வகுப்பில் பெரிய பெண்கள் இரண்டு பேர் அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். அவள் ஜெபம் எழுதி வைத்திருந்த நோட்டைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் வாசித்திருக்கிறார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் நல்ல பிள்ளைகள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நான் சொல்லச் சொன்னேன்மா. சொன்னா சாந்தம் போயிடும், நீங்கதானே அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு அவ சொல்லிட்டா." அந்தப் பெரிய பெண்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் அந்த வருடம் தயவுக்கான பரிசு. அதையும் நான்தான் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரி வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சாந்தம் என்றால் பதில் பேசாமலிருப்பது என்று எனக்கு யார் சொன்னது என்று தேடினேன். வேதம் சொல்லவில்லை. எண்ணாகமம் 12:3 பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்கிறது. அது பார்வோன் முன்னால் திரும்பத் திரும்பப் போய் நின்ற மோசே. 1 பேதுரு 3:4-இல் சாந்தம் என்று வருகிற கிரேக்கச் சொல், "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று மத்தேயு 11:29-இல் இயேசு தம்மைப் பற்றிச் சொன்ன அதே சொல். அப்படியிருக்க அதைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான குணம்போல நாம் எப்படி ஒதுக்கி வைத்தோம்?

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறதே என்று உன் வகுப்பிலும் ஒருத்தி நிச்சயம் கேட்பாள். மழுப்பாதே. மத்தேயு 5-ஐயும் யோவான் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால், நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார். பிறகு ஏரோது அநேக காரியங்களைக் கேட்டபோது ஒரு பதிலும் சொல்லவில்லை. பேச முடிந்தவர் பேசாமலிருந்தது வேறு. பயத்தில் வாயடைத்துப் போவது வேறு. நான் பரிசு கொடுத்தது இரண்டாவதற்கு.

பெரிய பிள்ளைகளோடு மட்டும், நேரம் பார்த்து, 2 சாமுவேல் 13-ஐயும் வாசி. தாமாரை அம்னோன் பலவந்தப்படுத்திய கொடுமைக்குப் பிறகு "நீ மவுனமாயிரு" என்று அவளிடம் சொல்வது கர்த்தர் அல்ல, அவள் அண்ணன் அப்சலோம். தகப்பன் தாவீது கோபப்பட்டார், அதோடு சரி. நடந்ததைத் தாமார் மறைக்கவில்லை, சத்தமிட்டு அழுதுகொண்டே போனாள். அவள் செய்தது தவறு என்று வேதத்தில் ஒரு வரி கிடையாது. இந்த அதிகாரத்தைப் பெண்பிள்ளைகளோடு வாசிக்க நிறைய பேர் தயங்குவார்கள். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

இதையொட்டி ஒரு விஷயம். "அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒருத்தி வருவாள். கேட்பதற்கு முன்பே சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதே. "உனக்கு யாராவது தீங்கு செய்யறாங்கன்னா, உன்னைக் காப்பாத்தக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும். மத்தபடி என்னைத் தாண்டிப் போகாது" என்று முதலிலேயே சொல்லிவிடு. அப்படிச் சொன்னால் பேசாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதைவிட அது மேல். அந்த மாதிரி விஷயத்தை நீயும் உன் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஜெபம் மட்டும் செய்துகொண்டிருக்காதே. ஜெபி, அதே நாளில் பொறுப்பானவர்களிடம் போய்ச் சொல்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். ஆவியின் கனிகள் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோம். கலாத்தியர் 5:22-ஐ எடுத்துப் பார், "ஆவியின் கனியோ" என்று ஒருமையில்தான் இருக்கிறது. கிரேக்கத்திலும் ஒருமைதான். அதற்குச் சற்று முன்னால், 19-ஆம் வசனத்தில், மாம்சத்தின் கிரியைகள் என்று பன்மையில் வருகிறது. அன்பிலிருந்து இச்சையடக்கம் வரை ஒன்பதும் ஒரே கனி. அதனால்தான் என் அட்டை முதல் நாளிலிருந்தே தப்பு. ஒருத்திக்குப் பொறுமை, இன்னொருத்திக்குத் தயவு என்று கூறு போட்டுப் பரிசு கொடுக்க வழியே இல்லை. பேதுருவின் பட்டியலும் ஒன்றோடு ஒன்றைக் கூட்டச் சொல்லித்தான் போகிறது. அங்கே விசுவாசத்துக்கு அடுத்தபடியாக நம் தமிழ் வேதாகமத்தில் தைரியம் வருகிறது. இத்தனை வருடத்தில் அதற்கு என் அட்டையில் ஒரு கட்டம்கூட நான் போட்டதில்லை.

இன்னொன்று. கனியைப் பற்றிய அந்த வசனம் எப்படிப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது என்று பார். ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தால் அழிந்துபோவீர்கள் என்று 15-ஆம் வசனத்தில் பவுல் எச்சரிக்கிறார். அதிகாரம் முடிவதும் பொறாமை கொள்ளாதிருங்கள் என்றுதான். நம் வகுப்பு மாதிரியேதான் இருந்திருக்கிறார்கள்! அதனால் தனியாக உட்கார்ந்து நான் நல்லவளா என்று யோசிக்க வைக்கிற பாடம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அவ்வளவாக ஒட்டாது. நேற்று யாரை விட்டுவிட்டுப் போனோம், யாரைப் பார்த்துச் சிரித்தோம், போனில் யாரைக் குழுவிலிருந்து நீக்கினோம், அங்கிருந்து ஆரம்பி.

அதிலும் நாவு. யாக்கோபு 3-ஐ எல்லாரும் எடுப்பார்கள், நீயும் எடு. ஆனால் சிறிய நெருப்பு பெரிய காட்டைக் கொளுத்தும் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதே. நம் கூட்டங்களில் புறங்கூறுதலுக்கு நாமே ஒரு நல்ல சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம், அதற்குப் பெயர் ஜெபக்குறிப்பு. "அவளுக்காக ஜெபிச்சுக்கோங்க, ஏன்னா..." அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு வருவதெல்லாம் வம்பு. இதை நான் பிள்ளைகளிடம் கற்றேன் என்று நினைக்காதே, பெரியவர்களின் கூட்டத்தில்தான் கற்றேன், நானும் செய்திருக்கிறேன். உன் வகுப்பில் ஒரு ஒழுங்கு வை: ஜெபக்குறிப்பைத் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லலாம். மற்றவளைப் பற்றி என்றால் அவளைக் கேட்டுவிட்டு வர வேண்டும். முதல் மாதம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பீர்கள். பரவாயில்லை.

குணசாலியான ஸ்திரீயைப் புகழ்கிற நீதிமொழிகள் 31 வேண்டுமா என்று கேட்டாய். வேண்டும், ஆனால் எப்படி எடுப்பது என்பதுதான் விஷயம். அதிகாரத்தின் முதல் வசனத்தைத் தாண்டிவிட்டு எல்லாரும் பத்தாம் வசனத்துக்கு ஓடுகிறார்கள். முதல் வசனத்தின்படி இது லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தது. மகனுக்குச் சொன்னதை நாம் மகள்களின் தலையில் மட்டும் வைத்துவிட்டோம். 10 முதல் 31 வரை 22 வசனங்கள், எபிரெய எழுத்துகள் 22. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிற பாட்டு அது. அகரவரிசையில் பாடிய புகழ்ச்சியை ஒரே பெண்ணின் ஒரு நாள் வேலைப்பட்டியலாக வாசித்தால் எந்தப் பெண்ணுக்கும் மூச்சு முட்டும். எனக்கு முட்டியது.

"குணசாலியான ஸ்திரீ" என்று அங்கே வருகிற எபிரெயச் சொல்லை அப்படியே ரூத்துக்கும் வயல்காரர் போவாஸ் சொல்கிறார், ரூத் 3:11. அப்போது அவள் யார்? அந்நிய தேசத்தாள், விதவை, அறுவடை செய்தவர்களின் பின்னால் கதிர் பொறுக்கினவள். வீடும் இல்லை, வயலும் இல்லை, புகழ்ந்து பேசக் கணவனும் இல்லை. பலம், பராக்கிரமம், படை இதற்கெல்லாம் வழங்குகிற சொல் அது. கல்யாணமானால்தான் குணசாலி ஆக முடியும் என்று எந்தப் பிள்ளையாவது நினைத்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு வசனமே போதும். பாட்டின் நடுவில் அந்த ஸ்திரீ ஞானம் விளங்க வாயைத் திறக்கிறாள். அதே தாய் 8-ஆம் வசனத்தில், பேச முடியாதவர்களுக்காக உன் வாயைத் திற என்றும் சொல்கிறாள். இதையெல்லாம் நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! கண்ணில் பட்டதே இல்லை.

உடையைப் பற்றி கேள்வி வரும். வந்தால் 1 தீமோத்தேயு 2:9-ஐ முழுதாக வாசிக்க விடு. பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் என்றெல்லாம் அங்கே வருகிறது. பணக்காரத்தனத்தைக் காட்டுகிறதும் அதில் அடங்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்குமேல் அதில் ஒரு மணி நேரம் செலவழிக்காதே. யாருடைய உடையையும் உதாரணம் காட்டாதே.

வாசிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. நீடிய பொறுமை பாடம் நடந்த அன்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை "சீக்கிரம் படிம்மா" என்று நான் அதட்டினேன். நீ மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாய். அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சந்தோஷப்படவில்லை, கூச்சத்தில் நெளிந்தாள். அதட்டியது எல்லார் முன்னாலும் என்பதால் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன். தனியாகப் போய்க் கேட்டு, எல்லார் முன்னாலும் சொல்லட்டுமா என்று அவளையே கேட்டிருக்க வேண்டும். ஆகவே யாரையும் கட்டாயப்படுத்தி வாசிக்க வைக்காதே. விருப்பப்பட்டவர்கள் வாசிக்கட்டும்.

உன் அப்பா இதுவரை படித்துவிட்டு, "கடிதமா, பிரசங்கமா?" என்று கேட்டார். முடித்துவிடுகிறேன். பட்டியல் இல்லாமல் முதல் வகுப்புக்கு என்ன செய்வது என்று கேட்பாய். 2 இராஜாக்கள் 5-இல் சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் இருந்த சிறு பெண்ணை எடு. அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. சிறைபிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டில் வேலை செய்கிறவள். எஜமான் குஷ்டம் தீர வழி இருக்கிறது என்று அவளாகவே சொல்கிறாள். எந்தக் குணம் இது என்று அவர்களைக் கேள். தயவு என்பாள் ஒருத்தி, விசுவாசம் என்பாள் இன்னொருத்தி, தைரியம் என்றும் ஒருத்தி சொல்லுவாள். அவளுக்குக் கோபம் இருந்திருக்காதா என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியை அவசரப்பட்டு மூடிவிடாதே. அன்றைக்கு அது போதும்.

என் பழைய நோட்டைத் தபாலில் அனுப்புகிறேன். அட்டை ஒட்டின பக்கங்களையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

அப்புறம், அந்தப் பெண்ணுக்குப் போன வருடம் நான் கடிதம் எழுதினேன். இத்தனை வருடம் தள்ளிப்போட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒரே பக்கம். "பரவாயில்லை அக்கா" என்று ஆரம்பித்து, அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே "அப்போ ரொம்ப வலிச்சது அக்கா" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நோட்டில் வைக்கவில்லை, அது என்னிடமே இருக்கட்டும்.

முதல் வகுப்பு முடிந்ததும் எழுது.

ஜெபங்களுடன்,
அம்மா