மாடித் தோட்டச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். ஆடிப்பட்டத்துக்குக் காய்கறி விதை வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர் வராததால் கலைந்தது.

இந்த ஆண்டின் முக்கியமான பணி, சங்கக் கட்டட மொட்டை மாடியில் பங்குனியில் வைத்த கடலோரத் தொட்டித் தோட்டம். அதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தரையில் வைத்திருந்த நம் தொட்டிகளில் பாதிக்கு மேல் போயிற்று. அதற்கடுத்த கோடையில் தக்காளியும் கத்தரியும் போர் தண்ணீரின் உப்பில் கருகின. குடிக்க வரும் தாமிரபரணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஆகவே வாரம் இரண்டு தண்ணீரில் வாழக்கூடிய சதைப்பற்றுச் செடிகளுக்கு, அதாவது நர்சரியில் சக்குலன்ட் என்று விற்கிறார்களே, அவற்றுக்கு மாறி, தொட்டிகளைச் சிப்பியும் பலகையுமாகக் கடற்கரை போல அமைக்கலாம் என்று செப்டம்பர் கூட்டத்தில் நான் சொன்னேன். ‘தூத்துக்குடியில் இருந்துகொண்டு கடலை மாடிக்கு வேறு கொண்டுவரணுமா?’ என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கொண்டுவரத்தான் வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்குக் கரையோரத்தில் வளரும் உமரிச் செடி எது, அடப்பங்கொடி எது என்று தெரியவில்லை. உமரிக்காடு என்று ஓர் ஊரே இருக்கிற மாவட்டம் இது.

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில் பிறக்கிறது. மாடித் தொட்டிக்கு அது பிந்திய கணக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் ஊறிய வேர் தை பிறந்ததும் காய்ந்து மூச்சுவிடும், மாசியில் துளிர்க்கும், பங்குனியில் அடீனியம் என்கிற பாலைவன ரோஜா பூத்துவிடும். சித்திரை வெயிலில் புதிதாக நட்டால் செடி வெந்துபோகும். அதனால்தான் தை மாதமே வேலையைத் தொடங்க வேண்டும் என்று அவசரப்படுத்தினேன்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் ஒன்பது தொட்டிகளில் கடற்கரையிலிருந்து நேரே அள்ளிவந்த மணலையும் சிப்பியையும் கழுவாமல் மேலே பரப்பிவிட்டோம். பத்தே நாளில் இலை நுனி பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. நான் அன்று ஊரில் இல்லை என்றாலும் செயலாளர் என்ற முறையில் பொறுப்பு என்னுடையது. அப்புறம் மலைப்பகுதி நர்சரி ஒன்றிலிருந்து வரவழைத்த எச்சிவேரியா. ரோஜாப்பூ அடுக்கு மாதிரி அத்தனை அழகாக வந்தது. மெக்சிகோ மலைகளின் குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடி அது. நம் ஊர் இரவுப் புழுக்கத்தில் மூன்றே வாரத்தில் அடி அழுகிவிட்டது. அந்த நஷ்டம் கணக்கில் இருக்கிறது, மறைக்கவில்லை.

பழைய தோணிப் பலகை ஒன்று கிடைக்குமா என்று தோணி கட்டும் தச்சரான ஓடாவி அண்ணாச்சி ஒருவரைத் தேடிப் போனபோதுதான் வழி தெரிந்தது. பலகையைக் கொடுத்துவிட்டு, ‘உப்பு போகலைன்னா செடி போயிரும், பாத்துக்கோங்க’ என்றார். அன்று முதல் சிப்பி, பலகை, கயிறு எதுவானாலும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு நாள்தோறும் தண்ணீர் மாற்றினோம். சிப்பியின் வரிகளில் ஒட்டியிருந்த பாசியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். கடைசியாகக் கழுவிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைப்போம். காய்ந்ததும் தட்டில் வெள்ளை வளையம் நின்றால் இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி ஊறவை. வளையம் தெரியாமல் போக எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. போர் தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீரே வளையம் விடும் என்பதால் மழைநீர்த் தொட்டியிலிருந்து குடம் குடமாக இறைத்தோம்.

மண்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு, மக்கிய ஆட்டு எரு ஒரு கைப்பிடி. கடல் மணலை முழுக்கவே விட்டுவிட்டோம். மண்தொட்டிகளின் வெளிப்புறம் சுண்ணாம்பில் சொட்டு நீலம் விட்டு அடித்தோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுவதால் உள்ளே வேர் சூடாகாது. பார்வைக்கும் கரையில் நிற்கிற படகு மாதிரி இருக்கிறது. தொட்டியின் கழுத்தில் கிழிந்த வலையிலிருந்து எடுத்த நீலக் கயிறு. சிப்பி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தண்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடவேண்டும். நெருக்கிப் போட்டால் ஈரம் தங்கி அடித்தண்டு அழுகும், மாவுப்பூச்சியும் அங்கே குடியேறும். கடைகளில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். அதை வாங்கிவந்த உறுப்பினர்கள் தயவுசெய்து உடைத்து எடுத்துவிடுங்கள், தண்ணீர் இறங்க வழியில்லை.

பவளப் பாறைத் துண்டு வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். நான் மறுத்துவிட்டேன், அதில் அவர்களுக்கு இன்னும் வருத்தம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வீட்டில் பழையதாகக் கிடந்தது என்றாலும் நம் மாடியில் வைத்தால் பார்க்கிற பிள்ளைகள் கரையில் போய்த் தேடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. அவற்றைச் சுற்றியிருக்கிற பவளத்தை இந்த ஊர் ஒரு காலத்தில் வெட்டி எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது. பவளம் இல்லாத குறையை நம் வேலிகளில் தானாக வளரும் கொம்புக்கள்ளி தீர்த்துவைத்தது. இலையே இல்லாமல் கிளைகிளையாக நிற்கும் அந்தப் பச்சைக் குச்சிகளை வெள்ளைச் சிப்பி நடுவில் வைத்துப் பாருங்கள், கடலடியை எட்டிப் பார்த்தது போலவே இருக்கும். பால் கண்ணில் படாமல் கையாள வேண்டும், அவ்வளவுதான். தோணிப் பலகையைப் பெட்டியாக அடித்து, ஒருபுறம் அடப்பங்கொடியைத் தொங்கவிட்டு, நடுவில் அடீனியத்தின் பருத்த அடித்தண்டு தெரியும்படி உயர்த்தி நட்டோம். திறப்பு நாள் காலையில் அதில் ஏழு பூக்கள். ஏணியில் ஏறிவந்த ஒரு பாட்டி பலகையைத் தடவிப் பார்த்து, ‘இது தோணிப் பலகைல்லா’ என்றார். அவர் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் கொழும்புக்குத் தோணியில் போய்வந்தவராம். அரைமணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இந்த வேலைக்கு எனக்கு அது போதும்.

இதையெல்லாம் செய்தவர்கள் பதினொரு பேர். உறுப்பினர் பட்டியலில் 46 பெயர்கள் இருக்கின்றன. மார்கழிக் குளிர், மாசி வெயில், பிள்ளைகளின் பரீட்சை, எல்லாம் எனக்கும் தெரியும், என் வீட்டிலும் உண்டு. ஆனால் சிப்பி கழுவ வராதவர்கள் திறப்பு விழாப் படத்தில் முன்வரிசையில் நிற்பதையும், அதே வாரம் ‘சங்கப் பணத்தை சோடனைக்குச் செலவழித்துவிட்டார்’ என்று சொல்வதையும் நான் பதிவு செய்யாமல் விட முடியாது. பலகைக்கும் கயிற்றுக்கும் சங்கம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. செலவானது தொட்டி, செடி, எரு ஆகியவற்றுக்கு மட்டும்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, சென்ற ஆண்டை விடச் சற்றுக் குறைவான இருப்போடு ஆண்டை முடித்திருக்கிறோம். சந்தா முழுமையாக வந்திருந்தால் குறைந்திருக்காது. பதினேழு பேர் பாக்கி, அதில் ஆறு பேர் இரண்டு ஆண்டுப் பாக்கி. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

மாடியைப் பயன்படுத்த அனுமதித்த கட்டடக் குழுவுக்கும், தணிக்கை செய்தவருக்கும், தேநீர் வழங்கிய உறுப்பினர் குடும்பத்துக்கும், பலகை தந்த அண்ணாச்சிக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஐப்பசிக்குள் எல்லாத் தொட்டிகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்து, பாதி மாடிக்காவது கூரைத் தாள் போட வேண்டும். இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகி, பங்குனிக்கு ஒன்றும் மிஞ்சாது. சந்தா வந்தால் தாள் வாங்கலாம். செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொள்ள யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன், யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். சிப்பி இரண்டு மூட்டை ஊறிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்குத் தண்ணீர் மாற்றுவோம். மாடிச் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கும், நான் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம்.

செயலாளர்