சொந்த இணையதளத்துக்கு எந்தத் தொழில்நுட்பம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி படிக்கும் மாணவர்களும் பணியில் இருக்கும் இளைஞர்களும் சொந்தமாக ஓர் இணையதளம் உருவாக்க முனையும்போது, எந்த நிரலாக்க மொழி, எந்த ஃபிரேம்வொர்க் (தளம் எழுத உதவும் ஆயத்த நிரல் கட்டமைப்பு), எந்தத் தரவுத்தளம் (தகவல்களைச் சேமித்துத் தேடித்தரும் மென்பொருள்) என்று யோசிப்பதிலேயே பல வாரங்களைக் கழித்துவிட்டு, கடைசியில் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அதிகம் தென்படும் பெயர்களையே தேர்ந்தெடுப்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். வேலைக்காகக் கற்பது ஒரு தேவை. தனி ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் உருவாக்கி, பல ஆண்டுகள் பேணவேண்டிய தளத்தின் தேவை முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் வேளாண்மையில் வழங்கிய கமலை, வடம், பரம்பு போன்ற சொற்களை முதியவர்களிடம் கேட்டுத் திரட்டி, பொருளுடன் வெளியிட 2019ஆம் ஆண்டில் ஒரு தளம் தொடங்கினேன். அப்போது பரவலாகப் பேசப்பட்ட தொழில்நுட்பங்களையே நாடினேன். முகப்புக்கு ஒரு நிரல், சர்வருக்கு ஒரு நிரல், இலவச மேகச் சேவை ஒன்றில் தரவுத்தளம் என மூன்று இடங்களில் மூன்று பகுதிகள் இயங்கின. பிறர் எழுதியவற்றில் நான் சேர்த்துக்கொண்ட மென்பொருள் பொதிகள் ஏழெட்டுதான் என்றாலும், அவை தம்முடன் இழுத்துவந்தவை நூற்றுக்கணக்கானவை. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சிறு பிழையைத் திருத்த முற்பட்டபோது அவற்றில் பல பொதிகள் நிறுவப்படவே மறுத்தன. அதே ஆண்டில் அந்த இலவசச் சேவையும் நிறுத்தப்பட்டது. சொற்களை ஓர் எக்செல் கோப்பில் தனியே வைத்திருந்ததால் மட்டுமே என் உழைப்பு தப்பியது.

இரண்டாம் முறை, எனக்கு முன்பே பழக்கமான பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தையும் கொண்டு அதே தளத்தை இரண்டே வார இறுதிகளில் எழுதி முடித்தேன். ஜாங்கோ உருவானதே அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற நாளிதழின் இணையப் பிரிவில்தான் என்பது தங்கள் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடும். நாளிதழுக்குரிய அவசரத்தில் செய்திப் பக்கங்களை உருவாக்க எழுதப்பட்ட அந்நிரல் 2005இல் பொதுவெளிக்கு வந்தது. 2000இல் தோன்றிய எஸ்கியூலைட்டோ, முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைத்துவிடுகிறது. அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்தால் காப்புநகல் ஆயிற்று. அதன் ஆக்குநர்கள் 2050 வரை அதைப் பேணுவதாக அறிவித்துள்ளனர். ஒரு நேரத்தில் ஒருவரே அதில் எழுத முடியும் என்பதால், பலர் ஒரே சமயத்தில் பதிவிடும் தளங்களுக்கு போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களே பொருந்தும். என்னைப் போல் ஒருவரே எழுதிப் பலர் படிக்கும் தளத்துக்கு இது தாராளமாகப் போதும்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் தேர்வுக்கு முன்பே சோதிக்கவேண்டிய ஒன்றைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் சொற்பட்டியலில் 'அப்பம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'அன்னம்' வந்து நின்றது. 'அலகு'க்கு முன்னால் 'அறுவடை' நின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தரும் யூனிகோடு அட்டவணையில் 'ந'வை அடுத்து 'ன'வும், 'ர'வை அடுத்து 'ற'வும் இடம்பெற்றிருப்பதும், எஸ்கியூலைட் வெறும் அந்த எண் வரிசைப்படி அடுக்குவதுமே இதற்குக் காரணம். ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசையில் உரிய இடத்தைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை எழுதித்தான் இதைச் சரிசெய்தேன். போஸ்ட்கிரெஸில் மொழிவாரி வரிசைமுறையை அமைத்துக்கொள்ளும் வசதி உண்டு. எழுத்துகளை எண்ணுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. பைத்தானுக்கு ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). அக்குறியீடுகளைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டுகள். தலைப்பைச் சுருக்க நான்கு குறியீடுகளோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று திரையில் தோன்றும். எழுத்துப் பிழை என்றே வாசகர் அதை எண்ணுவார்.

நிலையானவை என்று நம்பப்படுபவையும் காலாவதியாகவே செய்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியும், இணையதள முகப்புகளை எழுத உதவிய ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்குக்கான ஆதரவு 2021 டிசம்பர் இறுதியிலும் முடிந்துபோயின. எனவே எதைத் தேர்ந்தாலும் தரவைச் சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா, ஓராண்டு இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தால் ஒரு மாலைப்பொழுதுக்குள் மீண்டும் இயக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே விடை கண்டுவிடுவது நல்லது.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் புதிய மொழிகளும் கருவிகளும் அறிமுகப்படுத்தப்படுவது வரவேற்கத்தக்கது. அவற்றில் தமிழ் அகரவரிசையும் எழுத்தெண்ணிக்கையும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதையும், இத்துறையில் அனுபவம் உள்ளவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்.