ஸ்லரிக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் உரத் துறைக்கும் வணக்கம்.

நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முட்டைக்கோழிப் பண்ணையும் நாலு ஏக்கர் மரவள்ளியும் வைத்திருக்கிறோம். பண்ணையில் சேரும் கோழி எருவைப் பக்கத்து ஊரில் உள்ள உயிரி எரிவாயு ஆலைக்கு ஏற்றி அனுப்பி வந்தோம். போன ஐப்பசி மழையில் அந்த ஆலை நின்றுபோனது. எருவைப் புளிக்கவைக்கும் கலன் பழுதாகவில்லை, கேஸும் குறையவில்லை. கேஸ் எடுத்தபின் வெளியே வரும் ஸ்லரியை, அதாவது வயலுக்கு எருவாகும் கூழ் போன்ற கழிவை, விட இடமில்லை, அவ்வளவுதான்.

நேரில் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் விரித்த குட்டை விளிம்பு வரை கறுப்பாக நிரம்பிக் கிடந்தது. கரை வழியாமல் இருக்க இரண்டு ஆட்கள் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்காரர் தோட்டம் தோட்டமாகப் போய், "காசு வேண்டாம், நானே கொண்டுவந்து பாய்ச்சிவிட்டுப் போகிறேன்" என்று கேட்டிருக்கிறார். ஈரக்காட்டில் டேங்கர் எப்படி இறங்கும்? கலனுக்குள் போடும் சாணத்திலும் எருவிலும் பெரும்பகுதி ஸ்லரியாகத்தான் வெளியே வருகிறது. அது போகவில்லை என்றால் புதிதாக உள்ளே போட முடியாது.

ஒரு கிராமத்து ஆலையின் கஷ்டத்தை உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டு எரிவாயுவுக்கு மாற்றாகக்கூடியது இப்படிப்பட்ட ஆலைகள் தரும் வாயு. நாடு பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. அதிகம் தருவது கத்தார். அந்தக் கப்பல்கள் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு வரவேண்டிய எரிவாயுச் சரக்குகள் நின்றபோது, உரத் தொழிற்சாலைகளுக்கே எரிவாயுவைக் குறைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. நம் நாட்டில் எரிவாயுவை அதிகம் வாங்குவதே யூரியா ஆலைகள்தான். அப்புறம் அந்த யூரியா மானியத்தோடு 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு எங்கள் கைக்கு வருகிறது. அந்த விலைக்கு முன்னால், டேங்கர் வாடகை கொடுத்து ஸ்லரி வாங்க எந்த விவசாயி வருவார்?

2018 அக்டோபரில் உயிரி எரிவாயுவுக்கான 'சதாத்' திட்டத்தைத் தொடங்கி, 2023-24-க்குள் இப்படி 5000 ஆலைகள் என்றீர்கள். கெடு முடிந்தபோது ஓடியவை அதில் மிகச் சிறு பங்குதான். இப்போது வண்டிகளுக்குப் போடும் சிஎன்ஜியிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் உயிரி வாயு கலக்க வேண்டும், 2028-29-ல் அது 5 சதவீதம் ஆக வேண்டும் என்று விதித்திருக்கிறீர்கள். சரியான முடிவு. தொழில்நுட்பமும் எங்கள் ஆட்களுக்குக் கைவந்ததுதான். கோழி எருவை மட்டும் போட்டால் அம்மோனியா ஏறி நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும் என்று தெரிந்து, மாட்டுச் சாணமும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவும் கலந்து போடுகிறார்கள். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி, 90 சதவீதத்துக்கு மேல் மீத்தேன் உள்ள வாயுவாக ஆக்கித் தருகிறார்கள். வாங்க எண்ணெய் நிறுவனங்கள் இருக்கின்றன. ஸ்லரிக்குத்தான் யாரும் இல்லை.

2023-ல் ஆலையிலிருந்து வரும் இந்த ஸ்லரி எருவுக்கு டன்னுக்கு 1500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தீர்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் அது எரு விற்றால்தான் கிடைக்கும். காட்டில் கால் வைக்க முடியாத இரண்டு மாதத்துக்கு அதனால் என்ன பயன்? டென்மார்க்கில் இன்று குழாயில் போகும் எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிரி வாயு. அங்கே சாணம் கொடுக்கும் பண்ணையே ஸ்லரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பயிருக்குத் தேவைப்படும் பருவம் வரும்வரை மாதக்கணக்கில் தேக்கிவைக்கத் தொட்டிகள் இருக்கின்றன.

எனக்கு வேண்டியது அந்தத் தொட்டிதான். ஆலைக்குக் கடன் கொடுக்கும்போதே மழைக்காலம் முழுக்கத் தாங்கும் சேமிப்புத் தொட்டியையும் ஸ்லரியைப் பிழிந்து காயவைக்கும் இயந்திரத்தையும் திட்டச் செலவில் சேருங்கள். கேஸுக்கு எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தம் போடுகிற அதே நாளில், காய்ந்த எருவுக்கு ஓர் உர நிறுவனமும் கையெழுத்திடட்டும்.

அந்த ஆலை பங்குனியில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. அதுவரை எங்கள் எரு பண்ணை ஓரத்தில் குவிந்து, ஈ மொய்த்து, அதிலிருந்த மீத்தேன் காற்றோடு போனது. அடுத்த ஐப்பசிக்குள் உங்கள் இரண்டு துறையிலிருந்தும் ஆளுக்கொரு அதிகாரியை அனுப்புங்கள். குட்டைக்கு நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கோழிப் பண்ணை விவசாயி, நாமக்கல் மாவட்டம்