மனாங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கு

கோவை,
மாசி 6

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். கொல்லைப்புறக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம். பின்வீட்டு மாமரம் இந்த வருடம் கிளை தெரியாமல் பூத்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. விலாசத்தை மாற்ற மறந்திருப்பாய். பிரித்திருக்கக் கூடாது, பிரித்துவிட்டேன். தொட்டதுமே புத்தகம் என்று தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் பார்சல் பிரித்த கை. நேபாளத்து மலைகளில் நடக்கிற அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கான பயணக் கையேடு. எப்போது போகிறாய், யாருடன் போகிறாய், எத்தனை நாள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்வாய். அண்ணனிடம் ஜாடையாக விசாரித்தேன், அவனிடமும் நீ சொல்லவில்லை போல. தை மாதம் நடந்ததைப் பற்றியும் கேட்கப்போவதில்லை. புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்.

எல்லாம் போனிலேயே இருக்கிறது, கையேடு எதற்கு என்று உன் அண்ணன் கேட்பான். நீ காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியிருக்கிறாய் என்று பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எட்டாவது படிக்கும்போது நூலக அட்லஸில் ராஜஸ்தான் பக்கத்தையும் இமயமலைப் பக்கத்தையும் மாற்றித் தைத்திருக்கிறார்கள் என்று நீதானே கண்டுபிடித்தாய். நாலு வருடமாக அந்த அட்லஸை நான்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன், என் கண்ணில் படவில்லை. அப்படிப் பார்க்கத் தெரிந்த பெண் நீ. இதையும் அதே கண்ணோடு பார்.

முதலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பார். அங்கே இருப்பது அச்சான வருடம். எழுதியவர் அந்தப் பாதையில் நடந்தது அதற்கும் ஒன்றிரண்டு வருடம் முன்னால். அப்புறம் அது கடைக்கு வந்து, உன் கைக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்ச நாள் ஓடிவிடும். இதற்காகக் கையேட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அரிசியும் கத்தரிக்காயும் ஒரே பையில் இருக்கிற மாதிரி அது. விடுதி வாடகை, பஸ் நேரம், அனுமதிக் கட்டணம் எல்லாம் கத்தரிக்காய், சீக்கிரம் கெட்டுவிடும். எந்த ஊர் எவ்வளவு உயரம், எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்த மாதம் எப்படிக் குளிரும் என்பதெல்லாம் அரிசி.

2017 அக்டோபரில் நானும் அம்மாவும் நேபாளம் போனபோது என் கையில் இருந்தது உக்கடத்தில் வாங்கிய பழைய பதிப்பு. பத்து வருடத்துக்கும் மேல் பழையது. காத்மாண்டுவில் காஷ்டமண்டபத்தைப் பற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டே போனேன், ஒரே மரத்தில் கட்டியதாகச் சொல்வார்கள், ஊருக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது என்று. போய்ப் பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மண்டபம் விழுந்துவிட்டது. இப்போது திரும்பக் கட்டிவிட்டார்கள். நிலநடுக்கத்துக்கு அடுத்து வந்த பதிப்பை நம்பியிருந்தால் இருக்கிற மண்டபத்தை இல்லை என்று நினைத்துக்கொண்டு வருவாய்.

ரூபாய் நோட்டிலும் அப்படித்தான். நேபாளத்துக்கு இந்திய நோட்டில் 100 வரைதான் கொண்டுபோகலாம் என்று என் பழைய புத்தகத்தில் இருந்தது. அதெல்லாம் மாறிவிட்டது, 500 கொண்டுபோகலாம் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். அவர் சொன்னதும் ஒரு காலத்தில் சரிதான். ஆனால் 2016 நவம்பருக்குப் பிறகு வந்த புது 500 நோட்டை அங்கே ஏற்கவில்லை. புத்தகம் பழசு என்று நான் தள்ளிய வரி திரும்பவும் உண்மையாகியிருந்தது. இப்போது என்ன விதி என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் பார்த்துக்கொள். முந்தின மாதம் பார்த்தது போதாது.

வெளிநாட்டிலிருந்து நடக்க வருகிறவர்கள் உரிமம் உள்ள வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் அங்கே விதி. எந்தச் சோதனைச் சாவடியில் எவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள் என்பது அங்கே விசாரித்தால்தான் தெரியும். விதியை விடு. ஆளை வைத்துக்கொள். காசு நான் அனுப்புகிறேன். தனியாகப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. யாருடன் போனாலும் அந்த ஊர் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும்.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கையேடுகள் எல்லாம் நடக்கிறவர்களுக்கு எழுதியவை. நடை தொடங்கும் பெசிசஹரிலிருந்து மேலே மனாங் ஊர் வரைக்கும் ஒரு வாரம் நடந்தால் உடம்பு தானாகப் பழகிவிடும். இப்போது ஜீப் போகிறது. எண்ணூறு மீட்டர்கூட இல்லாத பெசிசஹரில் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் 3,540 மீட்டரில் மனாங்கில் இறக்கிவிடுவான். ரத்தத்துக்கு அந்த வேகம் கிடையாது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் ராத்திரி படுக்கிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நாலு நாளைக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். மனாங்கில் கட்டாயம் ஒரு நாள் கூடுதலாகத் தங்கு. அங்கே ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. சீசனில் டாக்டர்கள் தினமும் மத்தியானத்துக்கு மேல், உயரத்தில் காற்று குறைவதால் வருகிற மலை நோயைப் பற்றிப் பேசுவார்கள். போய் முன்வரிசையில் உட்கார். மனாங்குக்கு அப்புறம் நீ தாண்ட வேண்டிய கணவாய் தோரோங் லா 5,416 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கிற காற்று நம் கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

2014இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம், நினைவிருக்கிறதா? அக்டோபர் 12. வலுவிழந்துவிட்டது என்றதும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அதன் மிச்சம் ரெண்டே நாளில் தோரோங் லா பக்கம் பனியாகக் கொட்டியது. அந்த மலைப்பகுதியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் நல்ல மாதம், வானம் தெளிவாக இருக்கும் என்றுதான் கையேடு சொல்லும். அது பொய் இல்லை. அந்த வருடத்து அக்டோபரை அது எப்படிச் சொல்லும்? அன்றைக்குக் காலையில் வானத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு நாள் போனால் போகட்டும். ஆபீஸில் லீவு நீட்டிக் கேள். கேட்க முடியாவிட்டால் போகவே போகாதே.

மனாங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கு என்று எழுதிவிட்டேன் அல்லவா?

கண்ணு, இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

2017இல் போன அந்த முக்திநாத் கோயில் பயணத்தில் அந்தப் பழைய புத்தகம் எங்களை ஏமாற்றிவிட்டது, அதனால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்று உங்கள் ரெண்டு பேரிடமும் சொன்னேன். சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன். அந்தப் புத்தகம் ஏமாற்றவில்லை. தலைவலி இருந்தால் மேலே ஏறக் கூடாது, நடை தள்ளாடினால் அந்த நிமிஷமே இறங்க வேண்டும் என்று அதில் இருந்தது. இங்கே கூடத்தில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டவன் நான்.

போக்ராவில் விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி ஜோம்சோம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ராத்திரி அம்மா தூங்கவில்லை. காலையில் தலை விண்விண் என்கிறது என்றாள், ஒரு வாய் டீகூட நிற்கவில்லை. புத்தகம் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன இருக்கும் என்று தெரியும். ஜீப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது, மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் இருக்கிறது, திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமமான முக்திநாத்துக்குப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெறும் பயணக் களைப்பு, மேலே போனால் குளிர்ந்த காற்றுக்குச் சரியாகிவிடும் என்று சொன்னேன். மேலே போனால் சரியாகிவிடும் என்று சொன்னேன் கண்ணு.

ராணிபௌவாவில் ஜீப் நின்றது. அங்கிருந்து கோயிலுக்கு ஏறி நடக்க வேண்டும். டீக்கடைத் திண்ணையில் அம்மா கழற்றின ஷூவை மறுபடி போட்டாள். வலதை இடது காலிலும் இடதை வலது காலிலும் போட்டுக்கொண்டு நிதானமாக லேஸ் கட்டினாள். நான் பார்த்தேன். எழுந்து ரெண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

நான் போனேன்.

108 தாரையிலும் தலை நனைத்தேன். பெருமாளைச் சேவித்தேன். பாட்டிலில் தீர்த்தம் பிடித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தால் திண்ணையில் அம்மா இல்லை. அவள் சால்வை மட்டும் கிடந்தது. கடைக்கார அம்மாள் கீழே கையைக் காட்டி ஜோம்சோம், ஜோம்சோம் என்றாள். உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து, எனக்காகக் காத்திருக்காமல், எங்கள் டிரைவரையே கூப்பிட்டுக் கீழே அனுப்பிவிட்டாள். அவள் எந்தப் புத்தகமும் படித்தவள் இல்லை. ஜோம்சோம் ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜனோடு அம்மா படுத்திருந்தாள். சாயந்திரம் கண் திறந்து, தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று கேட்டாள்.

அம்மா முக்திநாத்தைப் பார்க்கவே இல்லை. கோயிலில் எடுத்த போட்டோவில் அம்மா ஏன் இல்லை என்று நீ ஒரு முறை கேட்டாய். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள், எதுவும் சொல்லவில்லை. பூஜை அறையில் இருக்கும் செம்பில் உள்ள தீர்த்தம் அவள் கையால் பிடித்ததில்லை. போகும்போது மெதுவாகப் போ, பார்த்துப் போ என்று உனக்குச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. தெரிந்தும் சொல்கிறேன்.

மனாங் வழியாகச் சுற்றி வந்தால் தோரோங் லாவிலிருந்து நீ நேராக இறங்குகிற இடம் முக்திநாத்தான். கோயிலுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ராணிபௌவாவில் அந்த டீக்கடை இன்னும் இருந்தால் அங்கே கொஞ்சம் உட்கார். ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரில், நீலக் கதவு, வாசலில் ஆப்பிளைச் சீவிக் காயப்போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெயரை நான் கேட்கவில்லை. நன்றி என்றுகூடச் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன்.

புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். மலை நோய் பக்கத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், மற்ற இடத்தில் கை வைக்கவில்லை. பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பட்டுமா, இல்லை நீயே வந்து எடுத்துக்கொள்வாயா என்று ஒரு வரி எழுது. போன் பண்ணினாலும் சரி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் புத்தகம் வந்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் மாடிக்குப் போனேன். அந்தச் சாம்பல் நிறச் சுவெட்டரையும் கம்பளிச் சாக்ஸையும் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.