அந்தக் கொடியை ஏன் ஏற்றச் சொன்னார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விக்டோரியா மகாராணியின் கடைசிக் கடல் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் மகன் ஏழாம் எட்வர்டை, தாய் கண்மூடியதும் நாற்காலிக்கு அவசரப்பட்டவராகக் காட்டியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்தெட்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டுவது அந்தக் கொடி விஷயத்தை. 1901 பிப்ரவரி 1ஆம் தேதி, இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவின் கவ்ஸ் துறையிலிருந்து மகாராணியின் உடல் எதிர்க்கரைத் துறைமுகமான போர்ட்ஸ்மவுத்துக்குப் புறப்பட்டது. பின்னால் வந்த அரசக் கப்பலில் புது மன்னர். கொடி அரைக்கம்பத்தில் பறப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்டாராம். "மகாராணி இறந்துவிட்டார்" என்றார் கேப்டன். "இங்கிலாந்தின் மன்னர் உயிரோடு இருக்கிறார்" என்று சொல்லிக் கொடியை உச்சிக்கு ஏற்ற வைத்தார் என்பார்கள். கேட்டால் கல்நெஞ்சம் மாதிரிதான் தெரியும்.

ஆனால் அது நாட்டின் கொடி இல்லை, மன்னரின் சொந்தக் கொடி. மன்னர் எங்கே இருக்கிறாரோ அங்கே பறப்பது. ஒருவர் மூச்சு நின்ற நொடியிலேயே அடுத்தவர் மன்னர் ஆகிவிடுகிறார் என்பது அவர்கள் முறை. அதனால் அந்தக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குவதே இல்லை. 1997இல் இளவரசி டயானா இறந்தபோது பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் வெறுமையாக நின்றதும் இதே வழக்கத்தால்தான். அரசி அங்கே இருக்கும்போது மட்டும் அந்தக் கொடி ஏறும், வேறு கொடி அங்கே பறக்காது என்பது அப்போது இருந்த வழக்கம். மக்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் இறுதிச் சடங்கு நாளில் நாட்டுக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள்.

என் அனுபவம் ஒன்று. ஒரு முறை நடுக்கடலில் எங்கள் கப்பல் சமையல்காரர் மாரடைப்பில் போய்விட்டார். என்னை மகன் மாதிரி வைத்திருந்தவர். கொடியை இறக்கும் வேலை என்னிடம் வந்தது. மழையில் நனைந்த கயிறு, கை நடுக்கம். அழுதுகொண்டே கொடியை நேராகப் பாதியில் நிறுத்திக் கட்டிவிட்டேன். கேப்டன் வந்து அவிழ்க்கச் சொன்னார். முதலில் உச்சிவரை ஏற்று, ஒரு கணம் நிறுத்து, அப்புறம் இறக்கு என்றார். சாயங்காலம் கொடியைக் கழற்றும்போதும் அப்படியே, உச்சியைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வர வேண்டும். அன்று அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி பார்த்தால், அதே மனிதர் காலியான சமையலறையில் தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்வர்டுக்கு அப்போது வயது 59. அதே வைட் தீவில் இருந்த ஆஸ்போர்ன் மாளிகையில் தாய் இறந்த மறுநாளே லண்டன் போய்ப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டவர், தாயின் பக்கத்துக்கே திரும்பி வந்தார். பிப்ரவரி 1 அன்று மாளிகையிலிருந்து துறைவரை, பீரங்கி வண்டியில் போன பெட்டிக்குப் பின்னால், எல்லோரும் பார்க்க நடந்தே போனார். அதைக் கட்டுரையாளர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அப்புறம் சோலென்ட் நீரிணையில் மைல் கணக்கில் வரிசைகட்டி நின்ற போர்க்கப்பல்களுக்கு நடுவே அந்தப் பயணம். முன்னால் எட்டு சிறு போர்க்கப்பல்கள். கடல் அசையாமல் கிடந்ததாம். நிமிடத்துக்கு ஒரு குண்டாகப் பீரங்கி முழங்க, போர்ட்ஸ்மவுத்தை நெருங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இப்படி ஊரறிய, உலகறியத் தாயின் பின்னால் போன மகனை ஒரு கொடியை வைத்து எடைபோடுவது நியாயமா?

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. படத்தின் கீழே, உடல் 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்' கப்பலில் போனதாகப் போட்டிருக்கிறீர்கள். அது மன்னர் போன கப்பல். உடல் போனது 'ஆல்பர்ட்டா' என்ற சிறிய துடுப்புச் சக்கர நீராவிப் படகில். கணவர் ஆல்பர்ட் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1863இல் கட்டியது. போர்ட்ஸ்மவுத்துக்கும் ஆஸ்போர்னுக்கும் போகவர மகாராணி வழக்கமாக ஏறிய படகு அதுதான். கடைசியாகத் தீவை விட்டுக் கிளம்பியதும் அதிலேதான். அடுத்த இதழில் அந்தப் படகின் பெயரைச் சரியாகப் போட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
தூத்துக்குடி