சமையல்காரியை மணந்த அங்கிள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸ் கதைகளில் வரும் பணக்கார அங்கிள்களை வெறும் பணப்பெட்டிகளாகவே பலரும் எழுதிவிடுகிறார்கள். 1923-ல் வெளியான 'தி இனிமிட்டபிள் ஜீவ்ஸ்' நூலின் மார்ட்டிமர் லிட்டிலுக்கு இது பெரிய அநியாயம். பரம்பரைச் சொத்தில் வாழ்ந்தவர் அல்ல அவர். வலித் தைலம் விற்றுப் பணம் சேர்த்த வியாபாரி.

அவர் தரும் செலவுப்பணத்தில் வாழும் சகோதரர் மகன் பிங்கோ, ஓட்டல் பணிப்பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். அங்கிளின் மனம் இளக, பிங்கோவின் நண்பன் பெர்ட்டியின் புத்திசாலிப் பணியாள் ஜீவ்ஸ் சொன்ன வழி, ஏழை-பணக்காரக் காதலைப் பாடும் நாவல்களை வாசித்துக் காட்டுவது. கௌட் எனும் மூட்டுவலி நோயால் படுத்திருந்த மனிதர் உருகித்தான் போகிறார். ஆனால் தன் வீட்டுச் சமையல்காரி ஜேன் வாட்சனைத் தானே மணக்கத் தீர்மானிக்கிறார்! பிங்கோவின் செலவுப்பணத்தைக் கூட்டுவது வரப்போகும் மனைவிக்கு நியாயமாகாது என்றும் சொல்லிவிடுகிறார். வர்க்க பேதம் ஊறிய அந்த இங்கிலாந்தில், படித்ததை உண்மையாகவே நம்பி நடந்தவர் இவர். ஜீவ்ஸின் எஜமானர்கள் யாருக்கும் இல்லாத துணிச்சல் இது.

பின்னால் பிட்டில்ஷம் பிரபுவாகிப் பந்தயக் குதிரை வைத்திருக்கும்போது அந்த ஈரம் குறைந்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமே. வுட்ஹவுஸைப் பற்றி அடுத்து எழுதும்போது மார்ட்டிமருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை